குறியீடு 2: ஒரு ஓவர்லாக் டெய்லரின் வேலையிழப்பு உதவித்தொகை

திருப்பூரில் நான் நடத்துவது சின்ன ஜெராக்ஸ் கடை. ஆதார் அட்டை லேமினேஷன், பி.எஃப். விண்ணப்பம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புராஜெக்ட் பிரிண்ட், இவைதான் பிழைப்பு. இதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீஸில் இருந்தேன். வருகைப் பதிவு, சம்பளக் கவர், இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு, பி.எஃப். கணக்கு எல்லாம் என் மேசையில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகும் அக்காவுக்கு அவர் கம்பெனியில் செய்ததை நானும் என் மேசையில் உட்கார்ந்து பலருக்குச் செய்திருக்கிறேன்.

அக்கா என்று மட்டும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். வயது 41. சொந்த ஊர் வேடசந்தூர் பக்கம். துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் கை நிற்காது. 2018 ஜூனில் ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்டில் சேர்ந்தார். மொத்தம் எண்பது பேர் வேலை பார்த்த இடம். 2022இல் முதலில் நூல் விலை தாறுமாறாக ஏறியது. அப்புறம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலைவாசி ஏறி, அங்கிருந்து வரும் ஆர்டர் குறைந்தது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டானது. ஒரு ஷிப்டும் வாரத்தில் நான்கு நாள் ஆனது. 2023 ஜனவரி 28, சனிக்கிழமை, சம்பள நாள். கவரோடு ஒரு தாளும் கொடுத்தார்கள்.

"இந்த லைனை நிறுத்தறோம்க்கா. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க, பி.எஃப். எடுக்க வசதியா இருக்கும்."

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எல்லாரும் போட்டார்கள், அக்காவும் போட்டார். அதில் என்ன இருந்தது என்பதை மார்ச் இரண்டாம் வாரம் என் கடையில் வைத்துத்தான் தெரிந்துகொண்டார். கூட வேலை பார்த்த ஒரு பெண் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். "சொந்தக் காரணங்களுக்காக என் விருப்பப்படி வேலையிலிருந்து விலகுகிறேன்." கீழே அக்காவின் கையெழுத்து.

அக்கா என்னிடம் வந்தது இதற்காக இல்லை. வேலையில்லாதவர்களுக்கு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பணம் தருகிறார்களாமே, அதற்கு எழுதித் தரச் சொல்லி வந்தார். இந்தக் குழப்பம் எனக்குப் பழகிவிட்டது. மாநில அரசு கொடுக்கும் அந்த உதவித்தொகை படித்துவிட்டு வேலை கிடைக்காமல் காத்திருப்பவர்களுக்கானது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. வேலையை இழந்தவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"அப்போ நமக்கு ஒண்ணும் இல்லையா தம்பி?"

இருந்தது. அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த இ.எஸ்.ஐ. காசிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரி கார்டுக்குள் இருக்கும் இன்னொரு பணம்

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. எங்கள் ஊரில் அதை ஆஸ்பத்திரி கார்டு என்றுதான் சொல்வோம். 2018 ஜூலை முதல் அதற்குள் வேலையிழப்பு உதவி ஒன்றும் இருக்கிறது, பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. இந்தப் பெயரை வாய் தவறாமல் சொன்ன ஒரு தொழிலாளியை நான் இன்னும் பார்க்கவில்லை. பெயர் நுழையாத இடத்தில் திட்டமும் நுழையாது.

ஆரம்பத்தில் சராசரி நாள் ஊதியத்தில் 25 சதவீதம் என்று வைத்தார்கள். வேலை போய் 90 நாள் கழித்துத்தான் கேட்க முடியும், அதுவும் கம்பெனி வழியாக. கொரோனா வந்ததும் தளர்த்தினார்கள். 2020 மார்ச் 24 முதல் 50 சதவீதம், 30 நாள் கழிந்தாலே கேட்கலாம், கம்பெனியைத் தொடாமல் நேரே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம். முத்திரைத் தாளில் உறுதிமொழிப் பத்திரம் கேட்டுக்கொண்டிருந்ததையும் அதே வருஷ நவம்பரில் விட்டுவிட்டார்கள். அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவார்கள், அதுவும் ஆயுளில் ஒரே முறை. நிரந்தரத் திட்டம் இல்லை, தவணை தவணையாக நீட்டித்து வருகிறார்கள். ஆகவே இதைப் படித்துவிட்டு யாராவது கிளம்பினால், அன்றைக்கு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகுதிக்கு வேலை போவதற்கு முன் இரண்டு வருஷம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. கணக்கில் வருஷம் இரண்டு பங்களிப்புக் காலமாகப் பிரியும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. வேலை போனதற்கு முந்தைய காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்க வேண்டும். தளர்த்துவதற்கு முன்பு நான்கு காலத்திலும் 78 கேட்டார்கள்.

அந்த வித்தியாசம்தான் அக்காவைக் காப்பாற்றியது. அவருடைய நாள் கணக்கை எடுத்துப் பார்த்தோம். 2020 அக்டோபர் முதல் 139, 128, 117 என்று மூன்று காலம் சரியாக இருக்க, நடுவில் 2021 ஏப்ரல்–செப்டம்பரில் மட்டும் 71. இரண்டாம் அலை ஊரடங்கு. மே, ஜூனில் மெஷின் பெரும்பாலும் ஓடவில்லை. பழைய விதி இருந்திருந்தால் இந்த ஏழு நாளில் அக்கா வெளியே.

ஓ.டி.பி. எங்கே போனது

நாள் கணக்கை எடுத்தோம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அதற்கே ஒன்பது நாள் ஆனது. இ.எஸ்.ஐ. தளத்தில் நுழையப் போனால் ஓ.டி.பி. வேறொரு எண்ணுக்குப் போனது. 2018இல் பதிவு செய்தபோது அக்காவிடம் போன் இல்லை, டைம் ஆபீஸ் பையன் தன் நம்பரைப் போட்டுவிட்டான். நானும் அப்படித்தான் போடுவேன். ஒரு சமயம் என் எண்ணில் நாற்பது பேர் இருந்தார்கள்.

கிளை அலுவலகத்தில் ஆதாரைக் காட்டி எண்ணை மாற்றினார். அங்கேயே இன்னொன்றும் தெரிந்தது. இ.எஸ்.ஐ. பதிவில் அப்பா பெயரின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர். கல்யாணமான பெண்கள் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு. வங்கிக் கணக்கிலும் ஒரு கோளாறு. அவர் கணக்கு வைத்திருந்த வங்கி 2020இல் வேறொரு வங்கியோடு சேர்ந்ததால் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருந்தது. பழைய பாஸ்புக்கை வைத்து நிரப்பியிருந்தால் பணம் திரும்பிப் போயிருக்கும். புதுப் பாஸ்புக் வாங்கி வரச் சொன்னேன்.

இந்த அலைச்சலில் ஒரு நல்லதும் நடந்தது. வேலை போன அன்றே ஆஸ்பத்திரி கார்டு செத்துவிட்டது என்று நினைத்து, பிப்ரவரியில் வீட்டுக்காரரின் காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்கில் 2,300 ரூபாய் கட்டியிருந்தார். ஏப்ரல்–செப்டம்பரில் கட்டிய பங்களிப்புக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. கார்டு ஜூன் கடைசி வரை உயிரோடுதான் இருந்தது. கவுன்டரில் இருந்த அம்மா இதைச் சொன்னதும் அக்கா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து, "யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

பி.எஃப். மட்டும் தொந்தரவில்லாமல் வந்தது. அப்போதைய விதிப்படி வேலை போய் ஒரு மாதத்தில் முக்கால் பங்கு, இரண்டு மாதத்தில் மிச்சம். வந்த பணம் வாடகை பாக்கிக்கும் குழுக் கடன் தவணைக்கும் போய்ச் சேர்ந்தது.

இரண்டா, பத்தா

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் அக்கா வேலை தேடினார். போன இடமெல்லாம் பாதி லைன் காலி. 90 நாள் கணக்கு ஏப்ரல் 28ஆம் தேதி முடிந்தது. மே 2 அன்று வேறு கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப்வொர்க் யூனிட்டில் சேர்ந்தார், மே 3 அன்று 90 நாளுக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டோம். நடுவிலேயே வேலை கிடைத்திருந்தால் அந்த நாளோடு உதவி நின்றிருக்கும், அது விதி. ஆதார், பாஸ்புக் எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றினோம். ஒரு வாரத்தில் கிளை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

கம்பெனி அனுப்பிய கணக்கில் குறியீடு 2 இருக்கிறதாம்.

இது என்னவென்று எனக்கு உடனே புரிந்தது. கம்பெனி மாதாமாதம் இ.எஸ்.ஐ.க்கு ஒரு எக்செல் ஷீட் ஏற்ற வேண்டும். ஆறு கட்டம்: காப்பீட்டு எண், பெயர், சம்பளம் கொடுத்த நாள், மொத்தச் சம்பளம், நாள் பூஜ்யம் என்றால் அதற்கான காரணக் குறியீடு, கடைசி வேலை நாள். காரணத்துக்கு ஒரு பட்டியல் உண்டு. 1 என்றால் விடுப்பு. 2 என்றால் வேலையை விட்டுப் போனார். 3 ஓய்வு. 9 வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு. 10 ஆட்குறைப்பு. 11 வேலை இல்லை. அந்த மாதக் கணக்கை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். 14ஆம் தேதி ராத்திரி உட்கார்ந்து ஏற்றுகிறவன் பட்டியலைத் திறந்து பார்ப்பதில்லை. வராத ஆள் எல்லாருக்கும் 2 போட்டு, மவுஸால் கீழே இழுத்துவிடுவான். ஆறு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட 10 போட்டதில்லை. ஆட்குறைப்பு நடக்காததால் இல்லை.

தானாக வேலையை விட்டவருக்கு இந்த உதவி கிடையாது. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், ஓய்வு வயதை எட்டியவருக்கும் கிடையாது. ஆக 2 என்ற எண்ணும், ஜனவரி 28 அன்று போட்ட கையெழுத்தும் சேர்ந்து அக்காவை வரிசையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. கிளை அலுவலக அதிகாரி நல்ல மனிதர். நிராகரிக்காமல், "லைன் மூடினது உண்மைன்னா கம்பெனிகிட்ட ஒரு விளக்கக் கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார்.

கடிதம்தானே, வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். இந்தப் பணத்தில் கம்பெனிக்கு ஒரு ரூபாய் செலவில்லை. இ.எஸ்.ஐ. நிதியிலிருந்து நேரே தொழிலாளி கணக்குக்குப் போகிறது. கம்பெனி செய்ய வேண்டியது லெட்டர்பேடில் நான்கு வரி. அக்காவும் நானும் போனோம். எச்.ஆர். எனக்குப் பழைய பழக்கம், டீ வாங்கிக் கொடுத்தார், மரியாதையாகப் பேசினார். கடிதம் மட்டும் தரமாட்டேன் என்றார்.

"ரிட்ரெஞ்ச்மென்ட்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு அதையே கையில வெச்சுக்கிட்டு லேபர் ஆபீஸ் போவாங்கல்ல, நீங்க இருந்த சீட்டுதானே இது, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அப்போது நடப்பில் இருந்த தொழிற்தகராறு சட்டத்தின் 25எஃப் பிரிவுப்படி ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ கொடுக்க வேண்டும். அத்தோடு பணி செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சமும் ஒரு வருஷமாகக் கணக்காகும். அக்காவின் நான்கு வருஷம் ஏழு மாதம் ஐந்து வருஷம். கடைசியில் வாங்கிய நாள் கூலி 430. ஐந்து தடவை 15 நாள், ஆக 32,250 ரூபாய். ஒரு மாதச் சம்பளம் தனி.

இ.எஸ்.ஐ.யிலேயே இன்னொரு வாசல் இருக்கிறது என்பதையும் அவர் சொல்லவில்லை, நானும் அப்போது எடுத்துப் பேசவில்லை. 2005 முதல் இருக்கும் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. சட்டப்படி ஆட்குறைப்பு, ஆலை மூடல் என்று ஆவணம் இருந்தால் முதல் 12 மாதம் ஊதியத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. 90 நாள் எங்கே, இரண்டு வருஷம் எங்கே. அந்த வாசலுக்குச் சாவியும் அதே 'ஆட்குறைப்பு' என்ற சொல்தான்.

விஷயம் இதுதான். உதவித்தொகையை மறுக்க வேண்டும் என்று எந்த முதலாளியும் நினைக்கவில்லை. அந்தப் பணம் அவருடையதே இல்லை. ஆனால் தொழிலாளிக்கு அரசுக் கதவைத் திறக்கும் சொல்லும், முதலாளியின் கல்லாவைத் திறக்கும் சொல்லும் ஒரே சொல்லாக இருக்கிறது. அதனால் அந்தச் சொல் எந்தக் காகிதத்திலும் ஏறாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். கையெழுத்து வாங்குவது அதற்காக. 2 போடுவதும் கடைசியில் அதற்குத்தான் உதவுகிறது, போடுகிற பையனுக்கு அது தெரியாவிட்டாலும். எனக்குத் தெரியாமல்தான் ஆறு வருஷம் போட்டேன். டீயைக் குடித்துக்கொண்டே எச்.ஆர். சொன்ன பிறகுதான் என் மேசையில் என்ன நடந்தது என்பதே எனக்கு உறைத்தது.

அப்புறம் இரண்டு வாரம் பேச்சு. தெரு முனையில் சங்க ஆபீஸ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் உள்ளே வந்தார். தனி ஆளாகவே தொழிலாளர் அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம், அதே சட்டத்தில் 2ஏ பிரிவு இருக்கிறது, 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம், மூன்று வருஷம் வரை நேரம் உண்டு என்றார். எல்லாம் சரி. ஆனால் இழப்பீடு கேட்க வேண்டுமென்றால் கடைசி 12 மாதத்தில் 240 நாள் வேலையைக் காட்ட வேண்டும். பதிவில் இருந்த நாளை வைத்துக் கூட்டினால் விளிம்பில் தொங்கியது. வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார், வருஷக்கணக்கில் இழுக்கும். சங்க அண்ணன் போராடலாம் என்றே நின்றார். அக்காவின் மகள் அப்போது பிளஸ் ஒன் முடித்திருந்தாள். அக்கா புது யூனிட்டில் அரை நாள் லீவு போட்டாலே அங்கே முகம் மாறுகிறது.

கடைசியில் மே 29 அன்று கம்பெனி கடிதம் கொடுத்தது. 'ஆட்குறைப்பு' என்ற சொல் அதில் இல்லை. "ஆர்டர் இல்லாமையால் மேற்படி லைன் நிறுத்தப்பட்டது, 29.01.2023 முதல் இவருக்கு வேலை வழங்க இயலவில்லை" என்று இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் 11,180 ரூபாயை வாங்கிக்கொண்டு, முழுக் கணக்கும் தீர்ந்தது என்று அக்கா கையெழுத்துப் போட்டார். இந்த முறை தமிழில் எழுதச் சொல்லி, வாய்விட்டு இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டார். சங்க அண்ணனுக்கு என் மேல் இன்னும் வருத்தம். 32,250ஐ விட்டுக்கொடுக்க நான்தான் வழி செய்தேன் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு வேறு என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எழுநூற்று முப்பதால் வகுத்தால்

கிளை அலுவலகம் கடிதத்தை ஏற்றுக்கொண்டது. ஜூன் 9 அன்று அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. 11,385 ரூபாய்.

அக்கா மனதில் வைத்திருந்தது 19,350. நாள் கூலி 430, அதில் பாதி 215, தொண்ணூறு நாள். கணக்கு சரிதான். ஆனால் சராசரி நாள் ஊதியம் என்பது கையில் வாங்கிய நாள் கூலி இல்லை. முந்தைய நான்கு பங்களிப்புக் காலத்தின் மொத்தச் சம்பளத்தை எடுத்து, வேலை செய்த நாளால் வகுக்காமல், 730ஆல் வகுப்பார்கள். ஞாயிறு, தீபாவளி, ஊரடங்கு, ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்த நாள் எல்லாம் அந்த 730க்குள் வரும். அக்காவின் பதிவில் நான்கு காலத்துக்கும் இருந்தது மொத்தம் 455 நாள், சம்பளம் 1,84,690. வகுத்தால் 253. பாதி 126 ரூபாய் 50 காசு. ஒரு நாளைக்கு.

மாதம் முழுக்க ஒரே சம்பளம் வாங்குகிறவருக்கு இந்த வகுத்தல் உறைக்காது. ஷிப்டுக் கூலிக்காரருக்கு, அதிலும் வேலை குறைந்து குறைந்து கடைசியில் நின்றுபோனவருக்கு, இது இரண்டாவது அடி. வேலை போவதற்கு முன்னால் வேலை மெலியும். உதவித்தொகை அந்த மெலிந்த கணக்கையே பார்க்கிறது.

455 நாள் என்பதும் முழு உண்மை இல்லை. ஒன்றரை ஷிப்ட் ஓடிய காலத்தில் அந்த அரை ஷிப்ட் கூலி கவரில் தனியாக, பணமாக வந்தது. ஷீட்டில் ஏறவில்லை. அப்போதைய விதிப்படி ஓவர்டைம் கூலிக்கும் இ.எஸ்.ஐ. பங்களிப்பு கட்ட வேண்டும், 21,000 வரம்பைப் பார்க்கும்போது மட்டும்தான் அதைச் சேர்க்கக் கூடாது. கட்டாமல் விட்டால் அக்காவுக்கும் கையில் கொஞ்சம் மிச்சம், கம்பெனிக்கு நிறைய மிச்சம். அந்த மாதங்களில் யாரும் குறை சொன்னதில்லை. நாளையும் ஓரிரண்டு குறைத்துக் காட்டும் பழக்கம் இந்த ஊரில் உண்டு, அதை நான் மறுத்துப் பேச முடியாது.

அதே லைனில் இருந்த மற்றப் பெண்களில் ஏழு பேர் அக்காவைப் பார்த்து என் கடைக்கு வந்தார்கள். நான்கு பேருக்குக் கிடைத்தது, ஏனென்றால் கம்பெனி அதே கடிதத்தைப் பெயர் மாற்றிக் கொடுத்தது. ஒருத்திக்கு இரண்டு வருஷம் நிறையவில்லை. ஒருத்தி பிப்ரவரியிலேயே வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். இன்னொருத்தியின் பதிவில் அவள் பெயரில் இரண்டு காப்பீட்டு எண் இருந்தது, நாள் இரண்டிலுமாகச் சிதறிக் கிடந்தது. அதை ஒன்றாக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

அக்கா இப்போதும் மாதம் ஒரு தடவை கடைக்கு வருகிறார். ஜாப்வொர்க் யூனிட்டை விட்டு, இ.எஸ்.ஐ. பிடிக்கிற ஒரு கம்பெனிக்கு மாறிவிட்டார். காலண்டர் தாளைக் கிழித்து மடித்துக் கொண்டுவருவார், வேலைக்குப் போன நாளில் பேனாவால் டிக் போட்டிருக்கும். நான் அவர் போனில் இ.எஸ்.ஐ. கணக்கைத் திறந்து அந்த மாத நாளைப் படிப்பேன். போன மாதம் காலண்டரில் 24, கணக்கில் 21. தாளைத் திரும்ப மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை டைம் ஆபீஸில் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.